சோம்பேறி என்று பட்டம் கட்டப்பட்ட சோர்வு: சர்க்கரையும் தைராய்டும் நம் பெண்களும்

நம் பெண்களுக்கு இந்தச் சமூகம் கொடுத்திருக்கும் வசவுகளில் மிகப் பழையது ‘சோம்பேறி’. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வீட்டுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, ஆறு மணிக்கு வருகைப் பதிவு போட்டுத் தெருவைக் கூட்டத் தொடங்குகிற பெண்ணுக்குத்தான் அந்தப் பட்டம். நடவு வயலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிமிர்ந்தால் சோம்பேறி. குப்பை வண்டியின் கைப்பிடியில் சாய்ந்தால் சோம்பேறி. நாற்காலியை விட்டு எழாமல் அதைச் சொல்கிற மேற்பார்வையாளருக்கு ஒருநாளும் அந்தப் பெயர் வந்ததில்லை.

எல்லாச் சோர்வும் நோய் அல்ல தோழர்களே. பாதிச் சோர்வு கூலியும் சாதியும் தருவது. அதற்கு எந்த மருந்துக்கடையிலும் மாத்திரை கிடையாது. ஆனால் ஒரு பகுதிச் சோர்வுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயோடு வாழும் பெண்களின் சோர்வுக்கு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தைராய்டு என்ற சின்னச் சுரப்பி காரணமாக இருக்கக்கூடும். அதை ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு சின்ன மாத்திரையில் சரிசெய்துவிடலாம். அந்தச் சொட்டு ரத்தம் யாருக்கு எடுக்கப்படுகிறது, யாருக்கு எடுக்கப்படுவதில்லை என்பதுதான் கேள்வி. அதைப் புரிந்துகொள்ள நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். அதில் பெரும்பாலும் பெண்கள்தான் வருகிறார்கள். நோயாளிகளாகவும், கதவு சாத்தப்பட்ட விஞ்ஞானிகளாகவும்.

1873-இல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வாசித்தார். விக்டோரியா மகாராணிக்கே வைத்தியம் பார்த்தவர். நடுவயதுப் பெண்கள் சிலர் மெல்ல மெல்ல மந்தமாகிறார்கள், முகம் வீங்குகிறது, தோல் வறண்டு தடிக்கிறது, பேச்சு இழுக்கிறது, குளிர் தாங்கவில்லை என்று அவர் எழுதினார். நான்காண்டுகள் கழித்து வில்லியம் ஆர்ட் என்ற இன்னொரு மருத்துவர் அந்த நிலைக்கு ‘மிக்சிடீமா’ என்று பெயர் வைத்தார். அது ஏன் வருகிறது என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. சுவிட்சர்லாந்தில் கோக்கர் என்ற அறுவை மருத்துவர் கழுத்துக்கழலையை முழுவதுமாக வெட்டி எடுத்த நோயாளிகளில் பலர் இதே மாதிரி மந்தமாகிப் போனதை 1883-இல் ஒப்புக்கொண்டு எழுதிய பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. லண்டன் மருத்துவர்கள் குழு அமைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து, 1888-இல் அறிக்கை கொடுத்தார்கள்: இது தைராய்டு சுரப்பி வேலை செய்யாததால் வரும் நோய்.

மூன்றே ஆண்டுகளில் மருந்தும் வந்துவிட்டது. 1891-இல் நியூகாசில் நகரத்தில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர் ஆட்டின் தைராய்டைப் பிழிந்து சாறெடுத்து 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். ஏறக்குறைய எழுந்து நடமாடவே முடியாமல் இருந்த அந்தப் பெண் தேறினார். அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் உயிரோடு இருந்து 74 வயதில்தான் இறந்தார். அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின என்று முர்ரே பின்னால் கணக்குக் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள். ‘மந்தமானவள்’ என்று ஊரார் முடிவுகட்டியிருந்த ஒரு பெண்ணின் மந்தம், இல்லாத ஒரு சாற்றை ஊற்றியதும் ஓடிப்போய்விட்டது. அது அவர் குணமாக இருந்திருந்தால் ஊசிக்கு ஓடியிருக்குமா?

சர்க்கரையின் கதை இதற்கு இணையாக, ஆனால் தனியாக ஓடியது. 1889-இல் ஜெர்மானிய மருத்துவர்களான மெரிங்கும் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அதற்குச் சர்க்கரை நோய் வந்தது. ஆனால் அங்கே சாறு எடுக்க இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1922 ஜனவரியில் டொராண்டோ பொது மருத்துவமனையின் தர்ம வார்டில் படுத்திருந்த லெனார்ட் தாம்சன் என்ற 14 வயது ஏழைச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. சோதனைக்கு முதலில் ஏழை வீட்டுப் பிள்ளையின் உடம்பு கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், மருந்து இன்னும் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்த காலத்தில், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸுக்கு அது கிடைத்தது. தாம்சன் இருபதுகளிலேயே நிமோனியாவில் இறந்துபோனார். எலிசபெத் 1981 வரை வாழ்ந்தார். இரண்டு உயிரும் காப்பாற்றப்பட வேண்டிய உயிர்கள்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வரிசை எப்படி நகர்கிறது என்பதைக் கவனிக்காமல் மருத்துவ வரலாறு படிக்கக் கூடாது. (கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு விற்றுவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று இன்சுலின் விற்று யார் கொழுக்கிறார்கள் என்பது வேறு கட்டுரை.)

இன்சுலின் வருவதற்கு முன் சிறுவயதில் சர்க்கரை வந்தவர்கள் ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடுவார்கள். ஆகவே அவர்களுக்கு வேறு என்ன நோய் சேர்ந்து வரும் என்று பார்க்க யாரும் மிஞ்சவில்லை. இரண்டாவது நோய் வெளியே தெரிய முதல் நோயிலிருந்து பிழைத்திருக்க வேண்டும். 1922-க்குப் பிறகுதான் சர்க்கரையும் தைராய்டும் ஒரே உடம்பில் சந்திக்கத் தேவையான ஆயுள் கிடைத்தது.

இதற்குள் ஜப்பானில் ஒரு விஷயம் நடந்து, மறந்தும் போயிருந்தது. 1912-இல் ஹகரு ஹாஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர் நான்கு பெண்களின் கழுத்திலிருந்து அகற்றிய தைராய்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தார். சுரப்பி முழுக்க வெள்ளை அணுக்கள் ஈசல் மாதிரி மொய்த்திருந்தன. ஜெர்மன் மொழி இதழில் எழுதினார். மேற்கு நாட்டவர்கள் நெடுங்காலம் அதைத் தனி நோயாகவே மதிக்கவில்லை. அவரோ முதல் உலகப்போர் வெடித்ததும் ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பி, சொந்த ஊரில் சாதாரண வைத்தியராக இருந்து, 1934-இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். தன் பெயர் உலகம் முழுக்க ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளில் எழுதப்படும் என்று அவருக்குத் தெரியாது.

அந்த வெள்ளை அணுக்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தன என்பதற்கு விடை கிடைத்தது 1956-இல்.

1956 என்றால் நமக்கு நாக்பூர். அக்டோபர் 14-இல் அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6-இல் நம்மை விட்டுப் போனார். கடைசி ஆண்டுகளில் அவரைத் தின்றுகொண்டிருந்தது சர்க்கரை நோய். கால் வலியோடும் தூக்கமில்லாத இரவுகளோடும்தான் அவர் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலை எழுதி முடித்தார் என்பதை நம் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. தலைவரின் உடம்பைப் பற்றிப் பேசினால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோமோ என்னவோ. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயோடு ஒருவர் எவ்வளவு செய்தார் என்பதும் வரலாறுதான்.

அதே அக்டோபரில் லண்டனின் ‘லான்செட்’ இதழில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. தற்செயல்தான்; ஆனால் தேதியை மறக்காமல் இருக்க உதவும். அதை எழுதியவர்களில் ஒருவர் டெபோரா டோனியாக். பெண்களைச் சேர்த்துக்கொண்ட ராயல் ஃப்ரீ மருத்துவப் பள்ளியில் படித்து, முப்பது வயதுக்கு மேல் மருத்துவரானவர். மிடில்செக்ஸ் மருத்துவமனையில் ஹாஷிமோட்டோ நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. இவர்கள் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் ஏன் இவ்வளவு அதிகமாக இருக்கிறது? சுரப்பியை அகற்றியதும் ஏன் குறைகிறது? கிருமியே இல்லாதபோது உடம்பு யாரோடு சண்டை போடுகிறது? ஐவன் ராய்ட் என்ற இளம் வேதியியலாளரோடு சேர்ந்து, நோயாளியின் ரத்த நீரையும் தைராய்டுச் சாற்றையும் ஒரு குழாயில் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் மோதி வெள்ளையாகத் திரிந்தது. உடம்பு தன் சொந்தச் சுரப்பியையே பகையாளி என்று நினைத்துத் தாக்கிக்கொண்டிருந்தது. உடம்பு அப்படிச் செய்யவே செய்யாது என்பது அரை நூற்றாண்டாக மருத்துவத்தின் வேதவாக்காக இருந்தது. அமெரிக்காவில் ரோஸ், விட்டெப்ஸ்கி இருவரும் முயல்களை வைத்து அதே ஆண்டு அதே முடிவுக்கு வந்தார்கள்.

அடுத்த அடி வைத்தவரும் டோனியாக்தான், ஆனால் அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. தைராய்டும் அட்ரீனல் சுரப்பியும் சேர்ந்து கெட்டுப்போகும் நோயாளிகளைப் பற்றி 1926-இலேயே ஷ்மிட் என்ற ஜெர்மானியர் எழுதியிருந்தார். 1964-இல் அமெரிக்க மருத்துவர்கள் அப்படிப்பட்ட 15 பேரைப் புதிதாகக் கண்டபோது அதில் 10 பேருக்குச் சர்க்கரையும் இருந்தது. பதினைந்தில் பத்து என்பது தற்செயலா? 1974-இல் பொட்டாசோ, ஃப்ளோரின் கிறிஸ்டென்சன், டோனியாக் மூவரும் இத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் கணையத்தின் இன்சுலின் செல்களைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். சிறுவயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோயும் ஹாஷிமோட்டோ நோயும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள் என்று அப்போதுதான் உறுதியானது. தைராய்டை ஆராயப்போன ஒரு பெண், சர்க்கரையின் காரணத்தைத் திறந்து காட்டினார்.

எதிர்த்திசையிலும் இதே மாதிரி ஒரு பயணம் நடந்தது. சொல்லப்போனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ரோசலின் யாலோ நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1921-இல் பிறந்தவர். யூதக் குடும்பம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உயர்நிலைப் பள்ளிப் படிப்புகூட இல்லை. வீட்டில் புத்தகம் இல்லாததால் வாராவாரம் நூலகத்துக்குப் போய்ப் படித்த பெண். இயற்பியலில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது ஒரு பல்கலைக்கழகம், இவர் நியூயார்க்காரர், யூதர், பெண், பின்னால் வேலை கிடைக்கும் என்று நீங்கள் உத்தரவாதம் கொடுத்தால் இடம் தருகிறோம் என்கிற பொருளில் அவருடைய ஆசிரியர்களுக்குப் பதில் எழுதியது. ‘தகுதி, திறமை’ என்று நம்மிடம் வகுப்பெடுப்பவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். சுருக்கெழுத்துக் கற்றுக்கொண்டு செயலாளராகச் சேர்ந்தால் பின்வாசல் வழியாகவாவது வகுப்பில் உட்காரலாம் என்று அவருக்கு அறிவுரை சொன்னார்கள். போர் வந்து ஆண்கள் படைக்குப் போகத் தொடங்கியதால்தான் 1941-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. நானூறு பேர் இருந்த பொறியியல் துறையில் அவர் ஒருவர்தான் பெண்.

பிராங்க்ஸில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரோடு சேர்ந்து அவர் வேலை செய்தார். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில் இன்சுலின் சீக்கிரம் அழிந்துவிடுகிறதா என்று பார்ப்பதற்காகக் கதிரியக்கம் ஏற்றிய இன்சுலினைச் செலுத்திப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தில் அது நெடுநேரம் தங்கியது. உடம்பு இன்சுலினுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றார்கள். இதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. ‘எதிர்ப்பொருள்’ என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்த பிறகுதான் 1956-இல் அச்சாயிற்று. யாலோ அந்த நிராகரிப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, 1977-இல் நோபல் பரிசு வாங்கப் போனபோது தன் உரையில் எல்லாருக்கும் காட்டினார்.

அந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் ரத்தத்தில் மிக மிகச் சிறிய அளவில் இருக்கும் ஹார்மோனை அளக்கும் முறை. முதலில் இன்சுலினை அளந்தார்கள். 1965-இல் அதே முறையில் மற்ற ஆய்வாளர்கள் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அளந்தார்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து ‘வேலை செய்’ என்று போடும் சத்தம்தான் டி.எஸ்.எச். தைராய்டு அசந்துபோனால் சத்தம் கூடும். தைராய்டு அளவுக்கு மீறி ஆடினால் சத்தம் அடங்கும். அதுவரை ஒரு பெண் தன் களைப்பைச் சொன்னால் நம்புவதும் நம்பாததும் எதிரில் இருக்கும் டாக்டரின் விருப்பம். இப்போது அதற்கு ஒரு எண் வந்துவிட்டது. யாலோவும் பெர்சனும் அந்த முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. உலகம் முழுக்க ஆய்வகங்கள் அதை எடுத்துப் பயன்படுத்தின.

இந்த இடத்தில் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அயோடின் உப்பால்தான் தைராய்டும் சர்க்கரையும் வந்தது, எல்லாம் கம்பெனிச் சதி என்று நம் குழுக்களிலேயே வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. 1956-இல் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் ராமலிங்கசாமி தலைமையில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அயோடின் சேர்த்த உப்பு கொடுத்த பகுதிகளில் கழுத்துக்கழலை சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்தது. சாதா உப்பு கொடுத்த பகுதியில் அப்படியே இருந்தது. அந்தச் சாதா உப்புப் பகுதி மக்களை அத்தனை ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தது சரியா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் அயோடின் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அது இல்லாமல் மூளை வளராமல் போனவை மலைக்கிராமத்து ஏழைப் பிள்ளைகள். சாதா உப்பு விற்பனைக்கு 1998-இல் தடை, 2000-இல் நீக்கம், 2006-இல் மறுபடி தடை என்று ஒன்றிய அரசு மாற்றி மாற்றி ஆடியதில் அடிபட்டவை தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்துச் சிறு உப்பளங்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதைக் கம்பெனிகள்மீது காட்டுங்கள், அயோடின்மீது காட்டாதீர்கள். ஹாஷிமோட்டோ நோய் அயோடின் குறைவால் வருவதல்ல. அது உடம்பின் உள்நாட்டுப் போர்; வேறு கதை.

இனி நம் ஊர்ப் பெண்களுக்கு வருவோம்.

முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களில் ஏறக்குறைய 17 முதல் 30 விழுக்காட்டினருக்குத் தன்னுடல் தாக்கும் தைராய்டு நோயும் இருக்கிறது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது. பெண்களுக்கு அது இன்னும் அதிகம். ஆகவே முதல் வகைச் சர்க்கரை என்று தெரிந்த உடனேயே தைராய்டைச் சோதிக்க வேண்டும், பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது விதி. பிள்ளை பெற்ற பிறகு வரும் தைராய்டு அழற்சியும் இந்தப் பெண்களுக்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கு வரை கூடுதல். நம் தெருக்களில் அதிகம் காணும் இரண்டாம் வகைச் சர்க்கரைக்குத் தைராய்டோடு இவ்வளவு நேரடியான ரத்த உறவு கிடையாது. ஆனால் இரண்டுமே நடுவயதுப் பெண்களிடம் பெருகியிருக்கும் நோய்கள். எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு மிக அதிகம்.

‘சர்க்கரை பணக்கார வியாதி’ என்ற பழைய பேச்சையும் கைவிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2017-இல் வந்தபோது, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் ஆகிய இடங்களின் நகர்ப்புறத்தில் வசதியானவர்களைவிட வசதி குறைந்தவர்களுக்கே சர்க்கரை கூடுதலாக இருந்தது. நோய் சேரிக்கு வந்துவிட்டது. பரிசோதனை வந்ததா?

ஒரே உடம்பில் இரண்டும் இருந்தால் என்ன ஆகும்? தைராய்டு குறைந்தால் இன்சுலின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். நேற்று வரை சரியாக இருந்த ஊசி அளவு இன்று அதிகமாகி, வேலை செய்யும் இடத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். கெட்ட கொழுப்பு ஏறும். சர்க்கரையால் ஏற்கெனவே அடிவாங்கிக்கொண்டிருக்கும் இதயத்துக்கு இன்னொரு அடி. தைராய்டு கூடினாலோ எவ்வளவு மாத்திரை போட்டாலும் சர்க்கரை அடங்காது. மோசமான சங்கதி, இரண்டு நோயின் அடையாளங்களும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். களைப்பு, மலச்சிக்கல், மனச்சோர்வு, மாதவிலக்குக் குழப்பம், கால் வீக்கம், எடை கூடுதல். எல்லாவற்றுக்கும் ‘உனக்குத்தான் சுகர் இருக்கே’ என்று ஒரே பதில்.

என் பெரியம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை. இரண்டு ஆண்டுகள் உடம்பு வீங்கி, குரல் கரகரத்து, எந்நேரமும் தூக்கமாக இருந்தார். மாத்திரை வாங்கப் போன இடத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரே அறிவுரை: “தினமும் நடங்கம்மா.” கையில் துடைப்பத்தோடு காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை தெருத்தெருவாக நடக்கிறவரிடம் நடக்கச் சொன்னார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வேலையிடத்தில் அதே இரண்டு ஆண்டுகளும் அவர் சோம்பேறி. பிறகு தங்கச்சி ஒருத்தி நர்சிங் படிக்கப் போய், விடுமுறையில் வந்து அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, டி.எஸ்.எச். பார்க்கச் சொன்னாள். தனியார் ஆய்வகத்தில் கொடுத்த பணம் அவருடைய ஒரு நாள் கூலி. எண் பல மடங்கு எகிறியிருந்தது.

மருந்து லெவோதைராக்சின். அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருப்பது. நாளொன்றுக்கு ஓரிரு ரூபாய்தான் ஆகும். ஆனால் அதைச் சாப்பிடும் முறை உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்காகவே எழுதப்பட்டது போலிருக்கும். வெறும் வயிற்றில் போட வேண்டும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் டீகூடக் குடிக்கக் கூடாது. ஐந்து மணிக்கு ஒரு டீயை ஊற்றிக்கொண்டு ஓடுகிறவர் என்ன செய்வார்? இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போதும் அதைப் போடலாம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும். இன்னொன்று, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அவர்களுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும், கால்சியம் மாத்திரையும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேர விடாது. நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். மூன்றையும் ஒரே கையில் அள்ளி ஒரே மடக்கில் விழுங்கும் பெண்ணுக்கு எண் இறங்காது. ‘ஒழுங்காக மாத்திரை போடுவதில்லை’ என்று மறுபடி திட்டு விழும்.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது சின்ன விஷயமில்லை. வலி தணிப்புச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை, டயாலிசிஸ் பை என்று அறிவிக்கப்பட்ட அந்தப் பட்டியலில் தைராய்டு இல்லை. வீட்டு வாசலில் சர்க்கரை பார்க்கும் அதே பெண்ணிடம், உங்களுக்கு குளிர் தாங்குகிறதா, குரல் மாறியிருக்கிறதா, முடி கொட்டுகிறதா என்று மூன்று கேள்வி கேட்டு, சந்தேகம் இருந்தால் ரத்தம் எடுக்க அனுப்ப எவ்வளவு செலவாகும்? சர்க்கரைப் பதிவேட்டில் இருக்கும் பெண்களுக்கு டி.எஸ்.எச். பார்க்க வேண்டும் என்பதைக் கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் தீர்மானமாகக் கொண்டுவருவது மாணவர் அமைப்புகளால் முடிகிற வேலை.

கடைசியாக ஒன்று. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் அம்பேத்கர். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில்தான் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குத் திட்டம் வகுக்கும் பணி பேராசிரியர் அடார்க்கரிடம் 1943-இல் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் 1948-இன் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும், சட்டத்துக்குள் வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, முதலாளி பங்கு 3.25 விழுக்காடு. தைராய்டுப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் அந்த அட்டையே போதும், ஒரு நாள் கூலியைத் தனியார் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டியதில்லை. பல ஒப்பந்தக்காரர்கள் பணத்தைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுகிறார்கள், அல்லது அட்டையைக் கொடுப்பதே இல்லை. உங்கள் அம்மாவின், அத்தையின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். காப்பீட்டு எண் அதில் இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள்.